சில தோல்களும் ஒரு கடிதமும்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோன ஒரு சின்னப் பழந்தின்னி வௌவாலைத்தான் ஆய்வுக்கு எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்கு இருக்கிற ஆதாரமே வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் சில தோல், சில மண்டையோடு, யாரோ எழுதிய ஒரு கடிதம், அவ்வளவுதானாம். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை மருதமரத்தில் ஆயிரம் வௌவால் தொங்குகிறது, அதைப் படிக்கக் கூடாதா? நான் இரும்புக்கடை வைத்திருப்பவன். எதையும் எடைபோட்டுப் பார்க்கிற புத்தி. நாலு தோலை வைத்துக்கொண்டு அது தனி இனம் என்று எப்படிச் சொன்னார்கள்? பெரிய வௌவாலின் குட்டியாக இருந்தால்? அழிந்துவிட்டது என்று யார் போய்ப் பார்த்தது? இதைப் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.
– விருதுநகர் மாவட்ட வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எடைபோட்டுப் பார்க்கிற புத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அருங்காட்சியக அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் நான் செய்ததும் அதே வேலைதான். உங்கள் தராசில் இரும்பு ஏறும், என் மேசையில் வௌவால் எலும்பு ஏறும். அதனால் நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்குப் பழக்கமானது. உங்கள் மகளின் ஆசிரியரும் இதையே கேட்டிருப்பார். கேட்கவும் வேண்டும்.

முதலில் அந்த வௌவாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எதன்மேல் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்று தெரிந்தால்தானே நாம் மேற்கொண்டு பேச முடியும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன், மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் என்று மூன்று எரிமலைத் தீவுகள். மனிதன் குடியேறும்வரை அங்கே வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி நிலத்தில் கிடையாது. நடந்து போக முடியாத இடம், பறந்துதான் போயாக வேண்டும். ரீயூனியனிலும் மொரீஷியஸிலும் இரண்டு வகைப் பழந்தின்னிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. பெரியதற்கு இன்று டெரோபஸ் நைஜர் என்று பெயர். சின்னதுதான் உங்கள் வீட்டில் சண்டை மூட்டியிருக்கும் டெரோபஸ் சப்நைஜர். சிறகை விரித்தால் இரண்டடி அளவு. நம் கண்மாய்க்கரை வௌவால் நாலடிவரை விரியும் என்பதை வைத்துப் பார்த்தால் பாதிதான். லத்தீன் பெயருக்குச் 'சற்றே கறுத்தது' என்று பொருள். ஆனால் தீவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் அதன் கழுத்துச் சிவப்பைப் பார்த்து 'ரூஜெத்' என்றார்கள். நம் ஊர் வழக்கில் செங்கழுத்தி என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். உயிரோடு பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

1756இல் பிரிஸோன் என்ற பிரெஞ்சு அறிஞர், ரெயோமூர் என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞரின் சேகரிப்பில் இருந்த ஒன்றைப் பார்த்து இதை விவரித்தார். 1792இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் கெர், முன்னவர்கள் எழுதியதை வைத்துப் பெரியதற்கும் சின்னதற்கும் லத்தீன் பெயர் கொடுத்தார். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் எழுதப்பட்டதுதான் அந்தக் கடிதம்.

'யாரோ எழுதிய கடிதம்' என்கிறீர்கள். எழுதியவர் லா நுக்ஸ். 1702இல் பிறந்தவர், இருபது வயதில் ரீயூனியனுக்கு வந்தவர். அப்போது அந்தத் தீவுக்கு பூர்போன் என்று பெயர். அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தார். வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர், பாரிஸ் அறிவியல் கழகத்தோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். புஃபோன் என்ற பெரிய இயற்கையியலாளர் வௌவால்களைப் பற்றி எழுதியதில் பிழைகள் இருப்பதைப் பார்த்து, தான் கண்டதை 1772இல் அவருக்கு எழுதினார். அந்த ஆண்டே லா நுக்ஸ் காலமானார். 1776இல் புஃபோன் அந்தக் கடிதத்தைத் தன் நூலின் துணைத் தொகுதியில் அச்சிட்டார். அச்சிடாமல் மேசை அறைக்குள் போட்டிருந்தால் இன்று நமக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

அதில் அவர் எழுதியிருப்பதன் சாரம் இது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் வந்தபோது, இன்று ஊராகிவிட்ட இடங்களில்கூட இவை எங்கும் இருந்தன. இப்போது அரிதாகிவிட்டன. முன்பு காடு குடியிருப்பை ஒட்டி இருந்தது, இவற்றுக்குக் காடு வேண்டும். ஆண்டுக்கு ஒரே குட்டிதான் போடும். இறைச்சிக்காகவும் கொழுப்புக்காகவும் கோடை முழுக்க, அதற்குப் பிறகும் பல மாதங்கள் வேட்டையாடுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியால், கறுப்பர்கள் வலையால். இப்படியே போனால் இனம் வெகுவாகக் குறைந்துதான் தீரும்.

ஐயா, 1772ஆம் வருஷம் இது. ஓர் உயிரினம் பூமியிலிருந்து அடியோடு அழிந்துபோகும் என்ற எண்ணத்தையே அன்றைய அறிவுலகம் இன்னும் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மனிதர் காட்டையும், குட்டியின் எண்ணிக்கையையும், துப்பாக்கியையும் வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இன்று ஒரு மாணவி வனவிலங்குத் தேர்வில் எழுத வேண்டிய விடை அதில் முழுதாக இருக்கிறது. அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். கண்ணெதிரில் நடப்பதைச் சரியாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஆனாலும் நடந்தது நடந்துவிட்டது.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். பெரிய வௌவாலின் குட்டியாக இருந்தால் என்ன என்பது மிக நல்ல சந்தேகம். உங்கள் கடையில் ஒரு போல்ட்டைக் கையில் வாங்கியதும் மரையைப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவீர்கள். சின்னப் போல்ட்டின் மரையும் பெரிய போல்ட்டின் மரையும் வேறு வேறு கணக்கில் வெட்டியிருக்கும். எலும்பிலும் அப்படி அடையாளங்கள் உண்டு. குட்டி வௌவாலின் சிறகை விளக்குக்கு எதிரே விரித்துப் பிடித்தால், விரல் எலும்புகள் கூடும் இடத்தில் குருத்தெலும்பு கண்ணாடிபோல் ஒளி விடும். வளர்ந்ததில் அந்த இடம் இறுகி, முடிச்சுப் போட்டதுபோல் உருண்டிருக்கும். மண்டையோட்டிலும் அப்படித்தான். இளசில் எலும்புத் தகடுகள் சேரும் கோடுகள் பென்சிலால் வரைந்ததுபோல் தெரியும், முதிர்ந்ததில் அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு மறைந்திருக்கும். பல்லின் தேய்மானம் மூன்றாவது சாட்சி. சின்ன உருவம், ஆனால் எலும்பு முதிர்ந்திருக்கிறது, பல் தேய்ந்திருக்கிறது என்றால் அது குட்டி இல்லை, சின்ன இனம்.

இதை நான் கையில் பழகிய ஒன்றை வைத்துச் சொல்கிறேன். உங்கள் மருதமரத்து வௌவாலின் மண்டையோடு ஏழு சென்டிமீட்டர் அளவு இருக்கும், நடுவிரல் நீளம். நாய்க்குட்டியின் முகம்போல் நீண்டிருக்கும். அதனால்தான் ஆங்கிலேயர்கள் பறக்கும் நரி என்றார்கள். கடைவாய்ப் பற்கள் நம்முடையதைப் போல மேடும் பள்ளமுமாக இருக்காது. தட்டையாக, நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பழத்தைக் கடித்து, நாக்கால் மேலண்ணத்தோடு வைத்து அழுத்தும். அந்த அண்ணத்தில் அம்மி கொத்தினாற்போல் குறுக்கே வரிகள் இருக்கும். சாறு உள்ளே போகும், சக்கையைத் துப்பிவிடும். காலையில் மரத்தடியில் கிடக்குமே சின்னச் சின்ன உருண்டையாக அத்திச் சக்கை, அது இப்படி வந்ததுதான். கெட்டியான பழத்தைக் கடிக்கிற இனத்துக்குப் பல் அகன்று, தாடை தடித்து இருக்கும். மென்மையானதைத் தின்பதற்குப் பல் ஒடுங்கும். செங்கழுத்தியின் மண்டையோட்டை நான் தொட்டதில்லை. ஆனால் அதைப் பார்த்து அளந்தவர்கள் எழுதிவைத்திருப்பது, பற்கள் சிறியவை என்று. அப்படியானால் மலரின் தேனையும் கனிந்த மென்பழங்களையும் நம்பி அது வாழ்ந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய இனம் கெட்டிப் பழங்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒரே காட்டில் இரண்டு இனம் ஒன்றை ஒன்று நெருக்காமல் வாழ இப்படிப் பங்கு பிரித்துக்கொள்வது வழக்கம்தான்.

இதோடு லா நுக்ஸின் கடிதத்தைச் சேர்த்துப் பாருங்கள். பெரியது மரக்கிளைகளில் வெட்டவெளியாகத் தொங்குகிறது, சின்னது பழைய மரங்களின் பொந்துக்குள் அடைகிறது, ஒரே பொந்தில் நானூறுக்கும் மேல் இருந்ததுண்டு என்கிறார். பல்லை அளந்தவர்களுக்குப் பொந்தைப் பற்றித் தெரிய வாய்ப்பில்லை, காய்ந்த தோல் அதைச் சொல்லாது. பொந்தைப் பார்த்தவரோ பல்லை அளக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள், இரண்டு வேறு வேறு விஷயங்களைச் சொல்லி, இது பெரியதன் குட்டி இல்லை என்ற ஒரே இடத்தில் வந்து சேருகிறார்கள். பஞ்சாயத்தில் இப்படி இரண்டு சாட்சி கிடைத்தால் நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்? ஒரே மாதிரி நூறு சாட்சிகளை நான் நம்புவதைவிட இந்த இரண்டை அதிகம் நம்புவேன்.

ஆனால் ஒன்று, சாட்சிக்கு முகவரி இருக்க வேண்டும். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கல்லூரியின் விலங்கியல் அறையைச் சீர்படுத்த என்னை அனுப்பினார்கள். அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பஞ்சு அடைத்துப் பாடம் செய்த ஏழு வௌவால்கள், வயிற்றுப்பக்கம் தையல் பிரியாமல், காதுமடல்கூட மடியாமல், அவ்வளவு நேர்த்தியாக. செய்தவர் கைதேர்ந்தவர். ஒவ்வொன்றின் காலிலும் நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் சீட்டு இல்லை. பெட்டியின் மூலையில் இராமபாணப் பூச்சி அரித்த காகிதத் துகள் ஒரு கைப்பிடி. அதைப் பூதக்கண்ணாடியில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஒரு துணுக்கில் 'மலை' என்ற எழுத்து மட்டும் படிக்க முடிந்தது. எந்த மலை, எந்த மாதம், பிடித்தவர் யார், எதுவும் இல்லை. ஏழு உயிர்கள் ஐயா. அவற்றைக் கொன்றதற்கு இருந்த ஒரே நியாயம் அந்தச் சீட்டுதான். அது போன பிறகு அவை வெறும் உரோமமும் பஞ்சும். அன்றிலிருந்து சீட்டைப் பென்சிலால் அல்லது அழியாத மையால் எழுதுவது, அதையே பதிவேட்டில் ஒருமுறை, பெட்டிமேல் ஒருமுறை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த எல்லாருக்கும் முதல் நாள் பாடம் அதுதான்.

செங்கழுத்தியின் சில தோல்கள் இன்றும் பேசுகின்றன என்றால், அவை இன்ன தீவிலிருந்து வந்தவை என்ற குறிப்பு கூடவே இருப்பதால்தான். இதே அளவு ஆதாரம் உள்ள வேறு வௌவால்களின் கதையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் பெர்சி தீவு என்று ஒன்று. அங்கே 19ஆம் நூற்றாண்டில் பிடிபட்ட ஒரே ஒரு பழந்தின்னியை வைத்து 1878இல் டாப்சன் என்ற விலங்கியலாளர் ஓர் இனத்தை விவரித்தார். அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் உங்கள் சந்தேகத்துக்கு வலு உண்டு. எங்கிருந்தோ காற்றில் அடித்துவரப்பட்ட ஒன்றாக இருக்கலாமே என்று கேட்டால், ஒற்றை மாதிரியால் பதில் சொல்ல முடியாது. சமோவாவின் உபோலு தீவில் 1856இல் பிடித்த ஒரு சின்ன வௌவால் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. 2009இல்தான் அது தனி இனம் என்று பெயர் பெற்றது. பெயர் வைக்கும்போதே அநேகமாக அழிந்துவிட்டது என்றும் எழுத வேண்டியிருந்தது. பிறந்தநாளும் கருமாதியும் ஒரே பக்கத்தில்.

அதற்கு நேர்மாறான கதை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேனி மாவட்டத்து மேகமலை. 1948இல் அங்கே தோட்டத்துரையாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னியைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதை நம் ஊரில் சாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். இருபத்துநான்கு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்திலிருந்து வந்த கிட்டி தொங்லோங்யா என்ற ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்தார். வால் இல்லை. பற்களின் அமைப்பும் ஒத்துவரவில்லை. இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று கண்டு, பறவையறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். உலகம் முழுவதற்கும் அந்த ஒரு மாதிரிதான். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. 1993இல் மேகமலையில் மீண்டும் பிடிபட்டது. இன்று அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படும் உயிரினம். ஒரு தோல், ஒரு மண்டையோடு, சீட்டில் ஓர் ஊர்ப் பெயர். தேடப் போனவர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று காட்டியது அந்த ஊர்ப் பெயர்தான்.

அப்படியானால் செங்கழுத்தியும் எங்காவது இருக்கலாமே என்று உங்கள் மகளுக்குத் தோன்றும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலருக்கும் தோன்றியிருக்கிறது. இங்கேதான் நான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மேகமலை என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, அதற்கு இரண்டு பக்கமும் காடு நீள்கிறது. மொரீஷியஸ் அப்படி இல்லை. சுமார் 1,865 சதுர கிலோமீட்டர், உங்கள் மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அதில் கரும்பு நட்டது போக, நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. அந்தக் காட்டை நூறு ஆண்டுக்கு மேலாகப் பறவை ஆய்வாளர்களும், தாவர ஆய்வாளர்களும், பெரிய வௌவாலை எண்ணுகிறவர்களும் அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்திருக்கிறார்கள். ரீயூனியன் கொஞ்சம் பெரிது, 3,000 மீட்டருக்கு மேல் எழும்பும் மலை உண்டு, மேட்டுக்காடு இன்றும் இருக்கிறது. ஆனால் மரங்கள் பருத்துப் பொந்து விழுந்து, ஆண்டெல்லாம் பூவும் கனியும் கிடைத்த தாழ்காடுதான் முதலில் வெட்டப்பட்டது.

பொந்தில் அடையும் குணமே அதன் குடியைக் கெடுத்தது என்பது என் கணிப்பு. கிளையில் தொங்கும் வௌவால் கோடரிச் சத்தம் கேட்டால் பறந்துவிடும், வேறு மரம் பார்த்துக்கொள்ளும். பொந்தில் நானூறு அடைந்திருக்கும்போது வாயை வலையால் மூடினால் ஒன்றுகூடத் தப்பாது. மரத்தை வெட்டினாலும் அப்படித்தான். அப்படி ஒரு பொந்து விழ நூறு இருநூறு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் உயிரினம் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பார்த்ததாகக் குறிப்புகள் உண்டு, அதற்குப் பிறகு இல்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டு தீவுகளிலும் அது இல்லாமல் போனது. உயிரினங்களின் அழிவு நிலையைக் குறிக்கும் சர்வதேசச் செம்பட்டியலில் ஓர் இனத்தை அழிந்தது என்று எழுத, கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இருக்கக் கூடாது. அது வாழ்ந்த இடத்தில், அது வெளிவரும் வேளையில், அதன் ஆயுளுக்குப் பொருத்தமான காலம்வரை தேடியும் கிடைத்திருக்கக் கூடாது. நூற்றைம்பது ஆண்டு போதுமான காலம். யார் போய்ப் பார்த்தது என்று கேட்டீர்களே, தலைமுறை தலைமுறையாகப் பலர் போய்ப் பார்த்திருக்கிறார்கள் ஐயா.

நமக்கும் அந்தத் தீவுகளுக்கும் தூரம் அதிகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1735இல் மொரீஷியஸுக்கு ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோனார். அடுத்த நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக நம்மவர்கள் இரண்டு தீவுகளுக்கும் போனார்கள். அந்தக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்த வௌவால் இன்னும் முழுதாக மறையவில்லை. காடு கரும்பாக மாறிய அந்த வேலையில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பிழைக்கப் போன இடத்தில் வெட்டச் சொன்ன மரத்தை வெட்டினார்கள்.

இப்போது உங்கள் மனதை உண்மையில் அரிக்கும் கேள்வி. செத்துப்போன வௌவாலைப் படித்து என்ன பயன்?

பெரிய வௌவால் இன்னும் மொரீஷியஸில் இருக்கிறது. லிச்சி, மாம்பழத் தோட்டக்காரர்களுக்கு அதன்மேல் தீராத கோபம். அந்தக் கோபத்தை நான் இலேசாகப் பேசமாட்டேன். பருவத்துக்கு ஒருமுறை காய்க்கும் மரம் ஒரே இரவில் காலியானால் யாருக்கும் வயிறு எரியும். 2015இல் அரசே இறங்கி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வௌவால்களைச் சுட்டுத் தள்ளியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் சுட்டது. 2018இல் செம்பட்டியலில் அந்த இனத்தின் நிலை இன்னும் மோசமான படிக்குத் தள்ளப்பட்டது. இந்த நேரத்தில் எத்தனை சுட்டால் தாங்கும், எப்போது தாங்காது என்ற கேள்வி வருகிறதல்லவா? அதே தீவில், அதே குடும்பத்தில், துப்பாக்கியும் கோடரியும் சேர்ந்து ஓர் இனத்தை எவ்வளவு காலத்தில் முடித்தன என்பதற்குச் செங்கழுத்திதான் கணக்கு. 1772இல் அரிதாகிவிட்டது என்று ஒருவர் எழுதினார், நூறு ஆண்டுக்குள் ஆள் இல்லை. இறந்தவரின் மருத்துவச் சீட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிக்கு வைத்தியம் பார்ப்பதில்லையா, அதுபோல.

பார்த்தால் பலன் உண்டு என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. மூன்றாவது தீவான ரோட்ரிக்ஸில் பொன்னிற உரோமம் கொண்ட ஒரு பழந்தின்னி உண்டு. 1970களில் எண்ணிப் பார்த்தபோது நூறுகூட இல்லை. 1976இல் ஜெரால்டு டரல் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் அங்கே போய்ச் சிலவற்றைப் பிடித்துவந்து வளர்ப்பில் பெருக்க ஏற்பாடு செய்தார். தீவில் மரங்களும் நடப்பட்டன, மக்களும் கைகொடுத்தார்கள். இன்று பல ஆயிரங்களாகப் பறக்கிறது. ரீயூனியனில் முற்றிலும் மறைந்துபோயிருந்த பெரிய வௌவாலும், சுமார் இருநூறு கிலோமீட்டர் கடலைத் தானாகவே தாண்டி, இந்த நூற்றாண்டில் ஒரு சிறு கூட்டமாகத் திரும்ப வந்திருக்கிறது.

வேலை பற்றிக் கேட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். 'அழிந்த வௌவால் ஆய்வாளர்' என்று ஒரு பதவி எங்கும் கிடையாது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் இடங்கள் குறைவு, எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். அருங்காட்சியக வேலையும் அப்படியே. ஆனால் இந்த ஆய்வைச் சரியாகச் செய்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும் கைத்தொழில்கள் வேறு. மண்டையோட்டை அளவியால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை பிசகாமல் அளப்பது, அளவுகளைப் புள்ளியியலில் போட்டு வேறுபாடு உண்மையா தற்செயலா என்று சொல்வது, கால்விரலின் காய்ந்த தோல் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது, பழைய பிரெஞ்சைப் படிப்பது. இவை தெரிந்தவளுக்கு வனவிலங்குத் தடயவியல், நோய்ப் பரவல் ஆய்வு, சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று கதவுகள் உண்டு. எளிதாகத் திறக்கும் என்று சொல்லமாட்டேன். ஐந்தாறு ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் அதைத் தாங்க முடியுமா என்பதை நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் மகளை உட்காரவைத்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பிறகு ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தம் இருக்காது.

ஆனால் எம்.எஸ்சி. ஆய்வுக்கு இருப்பது ஆறே மாதம். அதற்குள் வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, அழிந்த இனத்தின் தோலைத் தொடுவது நடக்காத காரியம். பேராசிரியர் தயங்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன், அவர்மேல் பிள்ளை கோபப்பட வேண்டாம். என் யோசனை இதுதான். கண்மாய்க்கரை மரத்தை விட்டுவிடாதீர்கள், அதையே செங்கழுத்திக்குப் போகும் வழியாக்குங்கள். அந்த மரத்தடியில் இயற்கையாகச் செத்து விழும் வௌவால்கள் இருக்கும். நோய்த் தொற்றுக்கு வாய்ப்பிருப்பதால் வெறுங்கையால் தொடவே கூடாது. வனத்துறையின் எழுத்து அனுமதி, கையுறை, முகக்கவசம், ஆசிரியரின் மேற்பார்வை, இவை நான்கும் இருந்தால் மட்டுமே எலும்பைச் சேகரிக்கலாம். குட்டி, இளசு, முதிர்ந்தது என்று முப்பது மண்டையோடு கிடைத்தாலும் போதும். ஒரே இனத்துக்குள் வயதாலும் ஆண் பெண் என்பதாலும் எவ்வளவு வேறுபாடு வரும் என்று அளந்து எழுதட்டும். 'பெரிய வௌவாலின் குட்டியாக இருந்தால்?' என்று அப்பா கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு மகள் தன் கையால் கண்டுபிடிக்கும் பதில் அது. அந்த அளவுகோல் இல்லாமல் யாரும் ஒற்றைத் தோலை வைத்துத் தனி இனம் என்று பேச முடியாது. அதை முடித்தபின், முனைவர் பட்டத்துக்குச் செங்கழுத்தியிடம் போகலாம். வௌவால் ஆய்வுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்ற இடம். உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே போய் ஒருமுறை பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். அந்த மரத்தைப் பற்றி ஊரில் எழுபது எண்பது வயதான பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கட்டும். வௌவால் எப்போது வந்தது, முன்பு எத்தனை மரத்தில் இருந்தது, எந்த ஆண்டு குறைந்தது, யாராவது மருந்துக்கென்று வேட்டையாடினார்களா, தீபாவளிக்கு அந்தப் பக்கம் வெடி போடுவார்களா மாட்டார்களா. பேசியவர் பெயர், வயது, தேதி எல்லாம் குறித்து. ஐம்பது ஆண்டு ஒரே ஊரில் இருந்து பார்த்தவர் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று லா நுக்ஸ் காட்டியிருக்கிறார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நீங்களே அவரைக் காட்டிக்கொடுக்கலாம்.

தேர்வு முடிந்ததும் ஒரு நாள் மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் என்றால் அறையில் நல்ல வெளிச்சம் இருக்கும். நான்கு மண்டையோடுகளும் ஓர் அளவியும் எடுத்து வைக்கிறேன். அந்தத் தகரப் பெட்டியில் இருந்த ஏழில் ஒன்றையும், நூலோடு, அவளுக்குக் காட்ட வேண்டும்.